உதவி: போக்கர் ஆப் ரெண்டு சோடியில ஒண்டை எறியச் சொல்லுது, ஏன்?

கந்தர்மடம்_பொடியன்:
அண்ணைமார் கெதியா ஒரு உதவி. போன்ல வீடியோ போக்கர் பழகிற ஆப் ஒண்டு போட்டனான், காசு ஒண்டுமில்லை, சும்மா பயிற்சிதான். அஞ்சு காட் வரும், வேண்டியதைப் பிடிச்சிட்டு மிச்சத்தை எறிஞ்சு புதுக் காட் இழுக்கிறது. எதைப் பிடிக்கிறது எதை எறியிறது எண்டு நெற்றில கிடந்த சாட்டைக் கொப்பியில எழுதி ரெண்டு கிழமையாப் பாடமாக்கினன், இப்ப மூண்டு நாளா விளையாடுறன், எதைப் பிடிச்சாலும் சிவப்பில பிழை எண்டு காட்டுது. நேற்று ரெண்டு கிங், ரெண்டு 6, ஒரு 9 வந்தது. நாலையும் பிடிச்சிட்டு 9ஐ எறிஞ்சன். அதுவும் பிழையாம், ஒரு சோடியையும் சேர்த்து எறிஞ்சிருக்க வேணுமாம்! எந்த விசரன் எறிவான்? ஆப் பழுதோ?

சுன்னாகம்_சிவா:
வீடியோ போக்கரில எந்த வகை? பே டேபிள், அதுதான் எந்தக் கைக்கு எத்தினை மடங்கு குடுக்கும் எண்ட பட்டியல், என்ன?

கந்தர்மடம்_பொடியன்:
வீடியோ போக்கர் எண்டு மேலயே எழுதியிருக்கிறனே அண்ணை.

நேசன்77:
தம்பி உந்த இலவச ஆப் எல்லாம் கள்ள வேலை. முதல் பிழை பிழை எண்டு காட்டும், பிறகு காசு கட்டினாச் சரியாச் சொல்லித்தாறன் எண்டும். அழிச்சுப்போட்டு வேறை ஒண்டு போடும்.

முன்னூத்தினாலு_ராசா:
அப்பிடியில்லை. கனநேரம் விளையாடினா அதுக்கு உங்கட பிடி விளங்கிடும், பிறகு அதுக்கேத்த மாதிரித்தான் காட் போடும் போல. எனக்கு அப்பிடித்தான் பட்டது.

பழைய_வாத்தி:
இஞ்ச வந்து இதே கேள்வியை எத்தினை பேர் கேட்டாச்சு. ஏ/எல்லில நிகழ்தகவு நடக்கேக்க பின் வாங்கில நித்திரை கொண்டா இப்பிடித்தான். ஜாக் சோடியில இருந்து மேல குடுக்கிற ஜாக்ஸ் ஓர் பெட்டர் ஆட்டத்தில ரெண்டு சோடியையும் பிடிச்சா மிச்சம் 47 காட். 4 காட்டுக்கு ஃபுல் ஹவுஸ், அதாவது மூண்டு ஒரே காட்டும் ஒரு சோடியும், ஒவ்வொண்டுக்கும் 9 மடங்கு. மற்ற 43க்கும் 2. கூட்டினா 122, 47ஆல பிரிச்சா சராசரி 2.6. கிங் சோடியை மட்டும் பிடிச்சா 1.54 தான். எண்டபடியா நீர் செய்தது சரி, ஆப் பிழை. இதுக்கு மேல கதைக்க ஒண்டுமில்லை.

சுன்னாகம்_சிவா:
வாத்தி அண்ணை, பொடியன் இன்னும் எந்த ஆட்டம் எண்டே சொல்லேல்ல. தம்பி, திரையில ஃபுல் ஹவுசுக்கு நேர என்ன இலக்கம் இருக்கு? ஆகக் கீழ் வரியில என்ன?

கந்தர்மடம்_பொடியன்:
கரண்ட் நிண்டிட்டுது, போன்ல சார்ஜும் இல்லை, இப்பதான் பாத்தன். ஃபுல் ஹவுஸ் 3. ஆகக் கீழ மூண்டு ஒரே காட் வந்தா 1. சோடிக்கு ஒண்டும் போடேல்ல. 2 வாற காட்டில எல்லாம் மஞ்சளா ஏதோ எழுதிக் கிடக்கு.

சுன்னாகம்_சிவா:
அட கடவுளே. அது டியூசஸ் வைல்ட் தம்பி, நீர் பாடமாக்கினது ஜாக்ஸ் ஓர் பெட்டர் சாட். இதில நாலு 2உம் எந்தக் காட்டாயும் மாறும், ரெண்டு சோடிக்கு ஒரு சதமும் இல்லை. நாலையும் பிடிச்சா ஃபுல் ஹவுசுக்கு 8 காட் இருக்கு, ரெண்டு கிங், ரெண்டு 6, நாலு 2. எட்டு மூண்டு 24, 47ஆல பிரிச்சா 0.51. ஒரு சோடியைப் பிடிச்சு மூண்டு காட் இழுத்தா 0.56 வரும், மூண்டோ நாலோ ஒரே காட் சேர இடமிருக்கு. ஆப் சொன்னது சரி. ஆனா ஃபுல் ஹவுசுக்கு 4 குடுக்கிற டேபிள் எண்டா 32ஐ 47ஆல பிரிக்க 0.68, அப்ப ரெண்டு சோடியையும் பிடிக்க வேணும். அதுதான் பே டேபிள் பே டேபிள் எண்டு கத்தினனான்.

பழைய_வாத்தி:
நான் ஜாக்ஸ் ஓர் பெட்டருக்கு எண்டு தெளிவாத்தான் எழுதினனான். வாசிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்யிறது.

நேசன்77:
நாலு ஒரே காட்டுக்கு 5, அஞ்சுக்கு 15 எண்டிருந்தா அது ஃபுல் பே டேபிள். பிழையில்லாமல் விளையாடினா போட்ட காசில 100.76% திரும்பி வருமாம். அப்ப கொழும்புக் கசினோவுக்குப் போய் உழைக்கலாமே?

சுன்னாகம்_சிவா:
அந்த டேபிளை உண்மையான மெசின்ல வச்சிருப்பாங்கள் எண்டு நினைக்கிறீரோ? வச்சிருந்தாலும் ஆகப் பெரிய கையான, 2 இல்லாத ரோயல் ஃபிளஷ் (ஒரே இனத்தில 10 தொடக்கம் ஏஸ் வரை) ஏறக்குறைய 45,000 கைக்கு ஒருக்கா. மணித்தியாலத்துக்கு 500 கை எண்டாலும் 90 மணித்தியாலம் குந்தியிருக்க வேணும், அதுவரைக்கும் காசு இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

முன்னூத்தினாலு_ராசா:
உந்தக் கணக்கெல்லாம் விட்டுட்டு எங்கட சீட்டாட்டம் 304 விளையாடுங்கோ. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11. 2ஐ எல்லாம் கட்டில இருந்தே எடுத்து எறிஞ்சிடுவம், அதுதான் விளையாட்டு.

பழைய_வாத்தி:
ஜாக் ஏசை வெல்லுற ஆட்டம் ஒரு ஆட்டமோ.

முன்னூத்தினாலு_ராசா:
வாத்தி துரும்பு கேட்டு எத்தினை தரம் தோத்தவர் எண்டு தெரியேல்ல, அந்தக் கோபம்.

கந்தர்மடம்_பொடியன்:
ஐயோ ராசா அண்ணை, நானும் 304 பழக்கத்தில 2 வந்தா முதல் அதைத்தான் எறிஞ்சனான். மூண்டு நாளும்.

சுன்னாகம்_சிவா:
உந்த ஆட்டத்தில நாலு 2உம் சேர்ந்தா 200 மடங்கு தம்பி.

கந்தர்மடம்_பொடியன்:
புதுச் சாட் எழுதிக்கொண்டிருக்கிறன். தாங்ஸ்.