பள்ளியில் செவிலியர் இல்லை: சர்க்கரை நோயுள்ள மகளின் மதிய ஊசிக்கு என்ன வழி?

கருங்கல் அம்மா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கருங்கல் பக்கத்தில் உள்ள ஓர் உதவிபெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த கார்த்திகை மாதம் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்திய மூன்று வாரங்களாக அவள் உடல் மெலிந்துகொண்டே வந்ததும், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக அனுமதி கேட்டு வகுப்பில் திட்டு வாங்கியதும் இந்த நோயின் அடையாளங்கள்தாம் என்பது, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்த பிறகே எங்களுக்குப் புரிந்தது. இத்தனைக்கும் அந்த ஆண்டு ஆனி மாதத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதித்துச் சென்றிருந்தது.

இப்போது நாளொன்றுக்கு நான்கு முறை இன்சுலின் போடுகிறோம். அவற்றில் ஒன்று மதிய உணவுக்கு முன் போட வேண்டியது. ஊசி, மருந்து எதையும் பள்ளிக்குள் அனுமதிக்க இயலாது என்றும், வேண்டுமானால் நானே தினமும் மதியம் வந்து போட்டுவிட்டுச் செல்லலாம் என்றும் பள்ளியில் கூறிவிட்டார்கள். நான் அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்க்கிறேன். கிலோ கணக்கில்தான் கூலி. நடுவே இரண்டு மணி நேரம் எழுந்து போனால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். கணவர் கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல நாட்கள் ஆகும்.

சென்ற வாரம் விளையாட்டு நேரத்தில் அவளுக்குக் கை நடுங்கி வியர்த்திருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வந்ததால் ஏற்பட்ட மயக்கம் என்று எண்ணி, ஒரு பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவளுடைய தோழி ஒருத்தி தன் பையிலிருந்த மிட்டாயைக் கொடுத்ததால்தான் பிழைத்தாள் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்று விதி ஏதேனும் உண்டா? இல்லையென்றால் நான் யாரிடம், என்ன கேட்பது? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. பெண் பிள்ளை என்பதால் இந்த நோயை வெளியே சொல்ல வேண்டாம் என்று என் மாமியார் சொல்கிறார். மகளும், "எல்லாரும் என்னையே பாக்காவ அம்மா" என்று அழுகிறாள்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருவட்டாறு:

அன்புச் சகோதரிக்கு, கிராம சுகாதாரச் செவிலியராக நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் என்று பலவற்றைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் அதில் செவிலியரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே 'விதிப்படி செவிலியரை நியமியுங்கள்' என்று கேட்டு அலைவதில் உங்கள் உடலும் மனமும் சோர்வதைத் தவிரப் பயன் இராது.

பள்ளிக்கு வந்து சென்ற அந்தக் குழு, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவாக இருக்கும். மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் அதில் இருப்பார்கள். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் செல்வார்கள். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, சிறார் நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவதே அவர்களுடைய பணி. இதய ஓட்டையையும் பார்வைக் குறையையும் இத்தகைய பரிசோதனையில் பிடித்துவிடலாம். டைப் 1 சர்க்கரை நோயோ சில வாரங்களில் முற்றி வெளிப்படுவது. ஆனியில் நலமாக இருந்த பிள்ளை கார்த்திகையில் படுத்துவிட்டால் அது அந்தக் குழுவின் பிழை ஆகாது. வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்க மாத்திரை, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி, வளரிளம் பெண்களுக்கான நாப்கின் எல்லாமே இப்படி மொத்தப் பிள்ளைகளையும் ஒருசேரக் கருதி வகுத்த ஏற்பாடுகள்தாம். ஒரே ஒரு பிள்ளைக்கு நாள்தோறும் தேவைப்படும் கவனிப்பு இவற்றில் எதிலும் அடங்காது. கிராம சுகாதாரச் செவிலியரும் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைக் கவனிப்பவர். கர்ப்பிணிகளையும் புதன்கிழமைத் தடுப்பூசியையும் விட்டுவிட்டு அவரால் தினமும் மதியம் உங்கள் மகளிடம் வர இயலாது.

ஆகவே பள்ளியில் இப்போது இருப்பவர்களில் இருவரைப் பழக்குவதுதான் வழி. 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரையும் ஓர் ஆசிரியையையும் நலத் தூதுவர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தர வேண்டும். உங்கள் பள்ளியில் அவர்கள் யார் என்று கேட்டு, முதலில் அவர்களிடமே பேசுங்கள்.

சென்ற வாரம் நடந்தது சர்க்கரை இறங்கியதன் அடையாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, கோபம், பேச்சுக் குழறல் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க வசதி இல்லாவிட்டாலோ, 15 கிராம் அளவு குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் அதே அளவைத் திரும்பவும் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு யாரும் அகலக் கூடாது. தனியே கழிப்பறைக்கோ வீட்டிற்கோ அனுப்பவும் கூடாது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். உங்களுக்குப் போன் செய்வது அதற்குப் பிறகுதான். வயிற்றுவலி, வாந்தி, வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்து வந்தால் சர்க்கரை மிகவும் ஏறியிருக்கலாம். அதை அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

விளவங்கோடு வட்டத் தலைமையாசிரியர் ஒருவர்:

அந்தப் பள்ளி நிர்வாகத்துக்காக வாதாட நான் வரவில்லை. ஆனாலும் அவர்களுடைய அச்சத்தைச் சொல்லியாக வேண்டும். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும், ஏதாவது நேர்ந்தால் பழி நம் தலையில் விழுமே என்றுதான் ஆசிரியர் எவரும் எண்ணுவார். எங்கள் பள்ளியில் இதே நோயுடன் ஒரு மாணவன் சேர்ந்தபோது நானும் முதலில் அப்படித்தான் தயங்கினேன். அவனுக்கு ஊசி போடும்படி எங்களை யாரும் கேட்கவில்லை, அவனே போட்டுக்கொள்வான், நாங்கள் இடம் கொடுத்தால் போதும் என்று அவனுடைய தாயார் விளக்கிய பின்னரே என் மனம் தெளிந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மருத்துவமனையில் முறையாகப் பழக்கிக் கொடுத்தால் தானே போட்டுக்கொள்ளும். இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவியில்) திருப்பி வைத்த அளவு எண்ணும் மருத்துவர் சீட்டில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று ஒரு பெரியவர் அருகில் நின்று பார்ப்பதே தேவை.

நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டியது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம். டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் சர்க்கரை சோதிக்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சிற்றுண்டி உண்ணவும் வகுப்பிலும் தேர்வு அறையிலும் ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவர் அனுமதித்தால் விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. சி.பி.எஸ்.இ. வாரியம் தன் பொதுத்தேர்வுகளுக்கு 2017-லேயே இதுபோன்ற சலுகையை அறிவித்திருந்தது. நம் பிள்ளைகள் எழுதுவது மாநில வாரியத் தேர்வு என்பதால், உங்கள் மகள் பத்தாம் வகுப்பு வரும்போது கடைசி நேரம் வரை காத்திராமல், மருத்துவச் சான்றிதழுடன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள்.

கடிதத்தை நீட்டி உரிமை பேசுவதற்கு முன்னால், உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள் என்பதே என் யோசனை. மதியம் எத்தனை மணிக்கு எத்தனை யூனிட், எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன கொடுப்பது, எந்த நிலையில் 108, முதலில் யாருக்குப் போன், நீங்கள் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்பவை அதில் தமிழில் இருக்கட்டும். அடியில் மருத்துவர், பெற்றோர், தலைமையாசிரியர் மூவரும் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாளின் நகல் அலுவலகத்திலும் வகுப்பாசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு நடுக்கம் வந்ததோ அவருடைய பாடவேளையில். சத்துணவு அமைப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமாவது ஆபத்து என்பதால், சோறு தயாரான பிறகே ஊசி என்பது வழக்கமாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால் மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-இல் கேளுங்கள், அல்லது முதன்மைக் கல்வி அலுவலரிடம் செல்லுங்கள். அந்த நிலை வராது என்றே நம்புகிறேன்.

களியக்காவிளை அப்பா:

என் மகனுக்கு ஆறு வயதில் இந்த நோய் வந்தது. இப்போது பிளஸ் டூ படிக்கிறான். மேலே இருவரும் சொன்னவை சரியே. அவர்கள் தொடாமல் விட்ட தயக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நாங்களும் நான்கு ஆண்டுகள் மறைத்தோம். மறைத்ததன் பலனாக அவன் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு ஊசி போட்டான். சில நாட்கள் போடாமலே விட்டுவிட்டு, போட்டதாக எங்களிடம் சொன்னான். தக்கலையில் உள்ள மருத்துவமனையில் அடுத்தடுத்து இரண்டு முறை சேர்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அசெம்பிளியில் அறிவிக்கத் தேவையில்லை. ஆசிரியர்களுக்கும், கூடவே அமரும் இரண்டு தோழிகளுக்கும் தெரிந்தால் போதும். உங்கள் மகளைக் காப்பாற்றியது ஒரு தோழியின் மிட்டாய்தானே? காரணம் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் முன்னதாகவே கொடுத்திருக்கும். மாமியாரிடம் கல்யாணப் பேச்சைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிள்ளைக்கு வயது பன்னிரண்டுதான் ஆகிறது.

எங்கள் உறவினர்கள் பாறசாலையில் இருக்கிறார்கள். அங்கே கேரள அரசின் 'மிட்டாயி' திட்டத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கு இன்சுலினும் சோதனைக் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாமே தவிர வாங்க முடியாது. ஆனால் இன்சுலின் இங்கேயும் அரசு மருத்துவமனையில் இலவசம்தான்; அதை விட்டுவிடாதீர்கள்.

சிறு சிறு அனுபவங்களும் உண்டு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். அவசரத்துக்கு அது உதவாது. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் அறவே உதவாது. மட்டிப்பழம் விளையாடப் போவதற்கு முன்னால் நல்லது; நடுக்கம் வந்துவிட்டால் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். திறந்த இன்சுலின் பேனா 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாமல் இருக்கும் என்பதால் பள்ளியில் குளிர்ப்பெட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெயில் படாத அலமாரி போதும். பங்குனி, சித்திரையில் நாங்கள் ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சிறு சட்டியை வைத்து அதில் வைத்திருந்தோம்.

கருங்கல் அம்மா:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் எழுதி வாங்கிய தாளுடன் நேற்றுத் தலைமையாசிரியையைப் பார்த்தேன். ஊசியை மகளே போட்டுக்கொள்வாள் என்றதும் அவர் முகம் சற்று இளகியது. மதியம் அலுவலக அறைக்குப் பக்கத்தில் நூலக மூலையை ஒதுக்கித் தருவதாகவும், அறிவியல் ஆசிரியை உடன் இருப்பார் என்றும் சொன்னார். உடற்கல்வி ஆசிரியரின் கையிலும் ஒரு நகலைக் கொடுத்துவிட்டேன். மகள் தன் தோழிக்குத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்; இன்னும் சொல்லவில்லை. பயன்படுத்திய ஊசி முனைகளைப் பள்ளியில் எங்கே போடுவது என்று மட்டும் ஆசிரியை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், திருவட்டாறு:

பள்ளிக் குப்பைத் தொட்டியில் மட்டும் போட வேண்டாம். துப்புரவுப் பணியாளரின் கையில் குத்திவிடும். தடித்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றை மூடியுடன் கொடுத்து, வெளியே 'ஊசி' என்று எழுதி ஒட்டி, அந்த நூலக மூலையிலேயே பூட்டிய அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி இறுக்கி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். அவர்களுடைய ஊசிக் கழிவுகளுடன் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.