வயரா, வைஃபையா? கேம் ஆடும்போது உங்கள் அனுபவம் என்ன?

பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில்) 30 என்றுதான் திரையில் காட்டும். ஆனால் நேருக்கு நேர் சண்டை வரும்போது மட்டும் எதிராளி ரெண்டடி தள்ளிப் போய் நிற்பான். வைஃபையில் ரொம்ப நாள் இதுதான் என் கதை. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் பிரமாதமாக வரும். ஒருநாள் வெளி சர்வரை விட்டுவிட்டு, வீட்டு ரவுட்டருக்கே பிங் போட்டு ஓடவிட்டேன். 2, 3, 2, 2, 87, 3, 2, 140... அடுத்த அறையில் இருக்கிற பெட்டிக்குப் போய்வர 140 மில்லிசெகண்ட்! 128 டிக் சர்வர், அதாவது செகண்டுக்கு 128 முறை கணக்குப் பார்க்கும் சர்வர், 7.8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஆட்டத்தைப் புதுப்பிக்கும். அப்படிப் பார்த்தால், நான் கிட்டத்தட்ட 18 டிக் குருடனாக ஆடியிருக்கிறேன். ஈதர்நெட் கேபிளைச் சொருகினேன், எல்லாம் 1 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிட்டது. கேமில் காட்டும் பிங் என்னவோ ஓரிரண்டுதான் குறைந்தது. போனது அந்தத் திடீர் எகிறல்தான். எனக்கு அது போதும்.

* * *

ரவுட்டருக்கு பிங் போட்ட நண்பருக்கு: அந்த 87, 140 எல்லாம் வரிசையில் நின்ற நேரம். வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசைக்குள் ஒரு பாதை) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை சும்மா இருந்து, காற்று காலியானதும் பேசும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது.

எனக்கு வந்த தொல்லை வேறு மாதிரி. கடிகாரம் வைத்தாற்போல் சீரான இடைவெளியில் ஒரு எகிறல். லேப்டாப் தன்பாட்டுக்கு வேறு நெட்வொர்க் இருக்கிறதா என்று மற்ற சேனல்களை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது! அது எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் நம் பாக்கெட் (கேம் அனுப்பும் தகவல் துண்டு) நடுத்தெருவில் நிற்கும். உங்களுக்கும் எகிறல் தாளம் தப்பாமல் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

* * *

கேபிள் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்க என் வீட்டுக்கு வரணும் ப்ரோ. நான் ஆரம்பத்துல இருந்தே கேபிள்தான். ஆனா வீட்ல யாராவது போன்ல போட்டோவையெல்லாம் கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிச்சா போதும், என் பிங் 300ஐத் தாண்டும். ரவுட்டருக்கு பிங் போட்டா 1 மில்லிசெகண்ட், சுத்தமா இருக்கு. அடைப்பு அதுக்கு அந்தப்பக்கம். அப்லோடு நிரம்பி வழியும்போது மோடம் பாக்கெட்டையெல்லாம் நீளமா வரிசைகட்டி வெச்சுக்குது, நம்ம கேம் பாக்கெட் கடைசி ஆளா நிக்குது. பஃபர்ப்ளோட்டுன்னு சொல்றது இதைத்தான். ரவுட்டர்ல எஸ்க்யூஎம்னு, வரிசை நீளாம பாத்துக்கற வசதியை ஆன் பண்ணி, அப்லோடு வேகத்தை லைனோட உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டி வெச்சேன். இப்போ யார் என்ன ஏத்தினாலும் பிங் பெரிசா அசையறதில்லை. ரவுட்டர்ல அந்த வசதி இல்லாட்டி, ஆடற நேரத்துல போட்டோ பேக்கப்பை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சறதைத் தவிர வழியில்லை.

* * *

வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறினால் தீர்ந்தது என்று நம்பி மாறியவன் நான். முக்கால்வாசி தீர்ந்தது உண்மைதான், கூட்டம் குறைவு. ஆனால் எப்போதாவது மேட்ச் நடுவில் இணைப்பே அறுந்துவிடும். ரவுட்டரின் லாகை (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவை) பார்த்தால் ‘ரேடார்’ என்று எழுதியிருந்தது! 52லிருந்து 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் போல ஏதாவது தென்பட்டால் ரவுட்டர் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அது விதி. 36லிருந்து 48க்குள் ஒன்றை நிரந்தரமாக வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

* * *

சுவரில் துளை போட வழியில்லாததால் பவர்லைன் அடாப்டர் வாங்கினேன். கரண்ட் வயர் வழியாகவே நெட். வைஃபையைவிடத் தேவலை, நேரடி கேபிளுக்குக் கிட்டக்கூட வராது. மோட்டார் ஓடினால் தடுமாறும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் சொருகியதும் தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது.