விளம்பரத்தில் பனிமலை, நிஜத்தில் திண்டிவனம்: நம்ம ஊர் கார் கம்பெனிகள் எப்போதுமே இப்படித்தானா?

இ.எம்.ஐ. ஏகாம்பரம் கேட்டது:

எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னும் 4 வருஷத் தவணை பாக்கி இருக்கிறது. இந்தியக் கம்பெனி, அவ்வளவுதான் சொல்வேன். வண்டி வாங்கி 7 மாதம் ஆகிறது.

விளம்பரத்தில் இந்த வண்டி பனிமலை ஏறுகிறது. நிஜத்தில், போன சனிக்கிழமை திண்டிவனம் தாண்டியதும் மண்டையைப் பிளக்கும் வெயிலில் வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தலாம் என்று கையைக் கொண்டுபோனேன், ஸ்க்ரீன் கறுத்துப்போனது. ஏசியைக் குறைக்கவும் அந்த ஸ்க்ரீன்தான். பட்டன் வைத்தால் பழைய வண்டி மாதிரி இருக்குமாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கர்கர் என்று தேய்க்க, பின்சீட்டில் மாமியார் முந்தானையைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு நடுங்க, டோல்கேட் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த பையன் வானத்தைப் பார்த்தான், என் கண்ணாடியைப் பார்த்தான். "எந்தப் பக்கம் சார் மழை?" என்றான்.

சர்வீஸ் சென்டரில், "அடுத்த அப்டேட்ல சரியாயிடும் சார்" என்றார்கள். மறுநாளே அதே இடத்திலிருந்து போன். அப்டேட் வந்துவிட்டது போல என்று எடுத்தால், அடுத்த மாடல் அறிமுக விழாவுக்கு அழைப்பு.

ஆசை இவ்வளவு பெரிதாகவும் வேலை இவ்வளவு அரைகுறையாகவும் இருப்பது புதுப்பழக்கமா, பரம்பரைச் சொத்தா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டெப்னி எழுதியது:

உங்களுக்கு வைப்பர் இரண்டு இருக்கும். டாடாவின் நானோவில் ஒன்றுதான், சக்கரத்துக்கு நட்டும் மூன்றுதான். எஞ்சின் பின்னால், பெட்ரோல் ஊற்றும் வாய் முன்பக்க மூடிக்கு அடியில். பங்க் பையன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "எங்க சார் ஊத்தறது?" என்று கேட்பதை நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காரை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 1 லட்ச ரூபாய்க் கார் என்று சொல்லிவிட்டு, மேற்கு வங்கத்துச் சிங்கூரில் தொழிற்சாலை கைநழுவி குஜராத்தின் சனந்துக்குப் போன பிறகும், சொன்னபடி கொண்டுவந்தார்கள். மலிவான கார் என்று சொல்லியே விற்றதுதான் கெடுத்தது. ரத்தன் டாடாவே பிறகு அதை ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மலிவான காரில் போய் இறங்க யாருக்கு மனசு வரும்?

பழைய கார்புரேட்டர் எழுதியது:

ஏகாம்பரம் தம்பி, உங்களுடையது 7 மாதக் கதை. என்னிடம் 40 வருஷக் கதை இருக்கிறது. டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

1985-இல் வண்டலூருக்கு இரண்டு விஷயம் வந்தன. ஒன்று மிருகக்காட்சிசாலை, இன்னொன்று ஸ்டாண்டர்டு 2000 கார். மிருகக்காட்சிசாலை இன்னும் ஓடுகிறது.

ஸ்டாண்டர்டு மோட்டார் சின்னக் கம்பெனி இல்லை. அம்பாசிடர், பியட், இரண்டும் பிடிக்காதவனுக்கு இவர்களுடைய ஹெரால்டு என்று இருந்த காலம் உண்டு. முன்பக்கம் முழுசும் முதலை வாய் மாதிரி திறக்கும், டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். மெக்கானிக்கை மனுஷனாக மதித்துச் செய்த கார். அப்புறம் கெஸல் வந்தது, போனது. அதற்குப் பிறகு கம்பெனி வேன் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது.

வேன் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று ஓர் ஆசை. மாருதி 800 அப்போதுதான் வந்து ஊரே சின்னக் கார் பின்னால் ஓடுகிறது. இவர்கள் நாட்டிலேயே பெரிய சொகுசுக் காரைக் கொண்டுவருவோம் என்று கிளம்பினார்கள். பிடித்தது ரோவர் எஸ்.டி.1. 1976-இல் இங்கிலாந்தில் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கியது. அந்த ஊர் போலீஸ் ஓட்டிய வண்டி. ஃபெராரியைப் பார்த்து வரைந்த மூக்கு, 3.5 லிட்டர், 8 சிலிண்டர் வி8 எஞ்சின்.

சரி, உடம்பு வந்துவிட்டது. எஞ்சின்? பரணில் இருந்ததைத் தூசி தட்டி வைத்தார்கள். பழைய வேன்கார்டு காரின் 4 சிலிண்டர் எஞ்சின், 1991 சிசி, 1940-களில் பிறந்த குடும்பம். அதன் பங்காளிதான் பெர்குசன் டிராக்டரில் ஓடியது. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்போது தாம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையன் நான். 1986 என்று நினைவு, ஒரு மில் முதலாளியின் ஸ்டாண்டர்டு 2000 ஆயில் மாற்ற வந்தது. தெருவே கூடிவிட்டது. சீட்டில் உட்காரவே முதலாளியிடம் அனுமதி கேட்டோம், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். பானெட்டைத் தூக்கினால், வி8-க்குக் கட்டின பங்களாவில் ஒண்டிக்கட்டை ஒருத்தர் வாடகைக்கு இருப்பது போல அந்த எஞ்சின். இரண்டு பக்கமும் காலி இடம். எங்கள் மேஸ்திரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேல பட்டு வேட்டி, உள்ள கோவணம் இல்லடா" என்றார்.

80 சொச்சம் குதிரைத்திறன் அந்த உடம்பை இழுக்கத் திணறியது. பெட்ரோலை மட்டும் வி8 மாதிரியே குடித்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். மூன்று நாலு வருஷத்தில் கதை முடிந்தது, கூடவே கம்பெனியும். மிச்சமிருந்த உதிரிபாகங்களைக் கடைசியில் ஓர் இங்கிலாந்துக் கடைக்காரர் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். ரோவரிடமிருந்து வந்ததில் நல்லபடியாக வீடு திரும்பியது அதுதான்.

சிவாஜிநகர் சில்லறை எழுதியது:

பெங்களூரை விட்டுவிட்டீர்களே அண்ணே. எங்கள் ஊர் சிபானி கம்பெனியின் முதல் வண்டி பாதல், மூன்று சக்கரம், ஃபைபர் உடம்பு, பின்னால் 198 சிசி எஞ்சின். பார்த்தால் ஆட்டோவுக்குக் கல்யாண அலங்காரம் பண்ணினது போல இருக்கும். அப்புறம் டால்ஃபின், அதுவும் ஃபைபர்தான். ரேலிக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள், எடை குறைவு. ஆனால் நம் ஜனங்கள் தேங்காயைக் கூடத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள். காரைத் தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி சத்தம் வந்தால் விற்குமா? அதே சிபானி 1990-களில் ஒரு பெரிய காருக்குத் தாவியது. எந்தக் கார் தெரியுமா? ரோவர் மான்டிகோ. ரோட்டில் பார்த்தவர்களே அபூர்வம்.

பழைய கார்புரேட்டர் எழுதியது:

அட, ஆமாம்! அந்த ரோவர் சங்கதிக்குத்தான் வந்துகொண்டிருந்தேன், நீங்கள் முந்திவிட்டீர்கள். மீதியையும் கேளுங்கள்.

1998-இல் டாடாவின் இண்டிகா வந்தது. முதல் பதிப்பைப் பற்றி வந்த புகார்களைக் கேட்டு, வி2 என்று 2001-இல் திருத்தி விட்டார்கள். அப்புறம்தான் சென்னையில் எந்தக் கால் டாக்ஸியைக் கூப்பிட்டாலும் இண்டிகா. 2003-இல் கதை தலைகீழ். இங்கிலாந்தில் ரோவருக்குச் சின்னக் கார் செய்ய வழியில்லை. புனேயில் செய்த இண்டிகாவை வாங்கி, சிட்டிரோவர் என்று தன் சின்னத்தை ஒட்டி அங்கே விற்றது. நம்ம கால் டாக்ஸியை லண்டன் துரை காசு கொடுத்து வாங்கினார், ஐயா! வாங்கினவர்கள் திட்டினார்கள், அது வேறு. 2005 ஏப்ரலில் ரோவர் கம்பெனியே படுத்தது.

2008-இல் டாடா ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஃபோர்டிடமிருந்து வாங்கியபோது, மூட்டையோடு மூட்டையாக அந்த ரோவர் என்ற பெயரும் வந்துவிட்டது. வண்டலூர் அழுது, பெங்களூர் அழுது, கடைசியில் பெயர் மட்டும் நம்மிடமே. ஏதோ ஒரு பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டியே இருக்கட்டும்.

இ.எம்.ஐ. ஏகாம்பரம் எழுதியது:

அண்ணே, படித்துச் சிரித்து மாமியாரிடமும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு மேஸ்திரி சொன்னது மட்டும் ரொம்பப் பிடித்தது.

நேற்று அப்டேட் வந்தது. இப்போது வெயிலில் வைப்பர் ஓடுவதில்லை. இன்று சாயங்காலம் மேடவாக்கத்தில் நல்ல மழை. அப்போதும் ஓடவில்லை.