தர்பூசணி, முலாம்பழம் எப்போது பறிப்பது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி மாடி
போன கோடையில் நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. சுகர் பேபி ரகத் தர்பூசணி, கொடியில் நின்றது ஒரே காய். வீட்டுக்கு வந்த சித்தப்பா விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "பழுத்தாச்சும்மா, அறுத்துடலாம்" என்றார். காம்புக்குப் பக்கத்தில் சுருண்டிருக்கும் பற்றுக்கம்பி இன்னும் பச்சையாக இருக்கிறது சித்தப்பா என்றேன். அதற்குள் அறுத்துவிட்டார். பழுத்த தர்பூசணி கத்தி நுனி பட்டதுமே படக்கென்று பிளந்து ஓடும். இதில் கத்தியை அழுத்தி அழுத்தி இறக்க வேண்டியிருந்தது. உள்ளே வெளிறிய ரோஸ், விதை அத்தனையும் வெள்ளை. அந்தச் சத்தம் வராமல் போனதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

மரக்காணம் பக்கம்
சித்தப்பா மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் வியாபாரிகள் தட்டித்தான் எடுக்கிறார்கள். காய் என்றால் கணீரென்று கேட்கும், பழம் என்றால் மந்தமாக. ஆனால் வயல் முழுக்கத் தட்டுகிற கைக்கு அது பிடிபடும். ஒரே காயை வைத்துக்கொண்டு எதோடு ஒப்பிடுவீர்கள்? அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மண்ணில் படிந்த இடம் வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுங்கள், வெண்ணெய் மஞ்சளுக்கு வரட்டும். பெண் பூ மலர்ந்து காய் பிடித்த அன்றே காம்பில் ஒரு நூல் கட்டித் தேதி எழுதி வையுங்கள். ரகத்தையும் வெயிலையும் பொறுத்து அங்கிருந்து 30 முதல் 40 நாள். கடைசி வாரம் தண்ணீரைக் குறையுங்கள், அப்போதுதான் இனிப்பு ஏறும். அதற்காகச் செடியைக் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடித்துவிடும். இன்னொன்று, பறித்த தர்பூசணி வீட்டில் வைத்தால் இனிக்கவே இனிக்காது.

கோவை பந்தல்
மேலே சொன்னவருக்கு: வலையில் கட்டித் தொங்கும் காய்க்கு அடிப்பக்கம் எப்படி மஞ்சளாகும்? மாடியில் பாதிப் பேர் பந்தலில்தான் விடுகிறோம். பற்றுக்கம்பி காய்ந்து பழுப்பாவதுதான் எங்களுக்குக் கணக்கு.
என் கதை முலாம்பழம். விடிகாலை மாடிக் கதவைத் திறந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. பழத்துக்கு அடியில் கையைக் கொடுத்தேன், இழுக்கக்கூட இல்லை, காம்பை விட்டுக் கைக்கு வந்துவிட்டது. காம்பைச் சுற்றி மெல்லிய வெடிப்பு முன்பே ஓடியிருந்தது. முலாம்பழத்துக்குத் தட்டலும் வேண்டாம், தேதியும் வேண்டாம்.

விருத்தாசலம்
வெள்ளரிப்பழத்தை யாருமே சொல்லவில்லையே! பாட்டி, காய் மஞ்சளாகும்போதே வாழைநாரால் சுற்றிக் கட்டிவிடுவார். ஒரு தடவை அவர் ஊரில் இல்லை, நாங்கள் கட்டவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் நெடுக வெடித்து, மாவு மாவாய்ச் சதை மண்ணில் கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது. நாட்டுச் சர்க்கரையோடு கிண்ணம் எடுத்துப் போயிருந்தோம். தம்பி அழுதான்.

மரக்காணம் பக்கம்
கோவை அன்பருக்கு: எல்லா முலாம்பழமும் காம்பை விடாது. ஹனிட்யூ என்ற முலாம்பழ வகையைப் போட்டுவிட்டு அப்படிக் காத்திருந்தால் கொடியிலேயே கனிந்து வீணாகும். தோல் பச்சை போய் க்ரீம் நிறம் வந்ததும் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள்.