எந்தப் பிள்ளைக்கு எந்த சென்சரி பொம்மை (தொடுதல், அசைவு போன்ற புலன்களுக்கு வேலை கொடுக்கும் பொம்மை)? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மதுரைக்காரி:
என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். சட்டைக் காலரைச் சப்பிச் சப்பி நனைத்துவிடுவான். ஸ்கூல் விட்டு வரும்போது மேல் பட்டன் இருந்தால் அதிசயம். திட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. எங்கள் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருகிறவர்) மேடம்தான், "அவன் வாய் வேலை கேக்குது, நீங்க இருக்கிற வேலையையும் பிடுங்குறீங்களே" என்றார்கள். ஃபுட் கிரேடு சிலிகானில் வரும் மெல்லும் டியூப் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். அதிலே மென்மை, நடுத்தரம், கெட்டி என்று ரகம் இருக்கிறது. இவன் கடிக்கிற கடிக்குக் கெட்டி ரகம்தான் தாங்குகிறது. கழுத்தில் மாட்டினால் இழுத்ததும் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள கயிறாகப் பார்க்க வேண்டுமாம். ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் முறுக்கு, கேரட் என்று கரகரப்பாக ஏதாவது கொடுக்கிறேன். காலர் தப்பிக்கிறது, பெரும்பாலும். மற்ற வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்?

கோவை ஓ.டி.:
இதே வேலையில் இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் என்னிடம் முதலில் காட்டுவது போனில் சேர்த்து வைத்திருக்கும் பொம்மைப் படங்களைத்தான். நான் கேட்பது, சும்மா விட்டால் பிள்ளை என்ன செய்கிறது என்பதை. சோபாவிலிருந்து குதிக்கிறவனும், ஆளைப் பார்த்ததும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறவனும் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தேடுகிறார்கள். நின்ற இடத்திலேயே சுற்றுகிறவனுக்கு வேண்டியது உட்காதில் உள்ள சமநிலைப் புலனுக்கான அசைவு. ஐம்புலன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதால் இந்த இரண்டும் விட்டுப்போகின்றன. 1960, 70களில் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க தெரபிஸ்ட் வகுத்த முறையின் அடிப்படையே இவைதான்.

அழுத்தம் தேடும் பிள்ளைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். அரை வாளித் தண்ணீரைத் தூக்கி வரச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள், துவைத்த துண்டைப் பிழியச் சொல்லுங்கள். ஊஞ்சலில் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் பெரும்பாலான பிள்ளைகள் அடங்குவார்கள், சுற்றிவிட்டால் துள்ளுவார்கள். தூங்கும் நேரத்துக்கு முன் சுற்றிவிட்டுவிட்டுப் பிள்ளை தூங்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு!

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் வயதை அப்படியே நம்பாதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில் போட்டுச் சோதிப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. பத்து வயதிலும் எதையும் வாயில் போடும் பிள்ளைக்கும் நான் அந்த விதியைத்தான் வைக்கிறேன். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் அதையெல்லாம் தேட முடியாது என்பது வேறு கதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புலன்களை வைத்துச் செய்யும் இந்தத் தெரபிக்கான ஆய்வுச் சான்று குறைவு, முடிவாக எதுவும் சொல்ல முடியாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2012-இல் எழுதியது. ஆகவே ஒரு சாமானைக் கொடுத்தால் என்ன மாற வேண்டும் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். சில வாரங்களில் மாறவில்லையென்றால் எடுத்து வைத்துவிடலாம்.

தஞ்சாவூர் அப்பா:
என் மகள் நேர் எதிர். தேடுவது கிடையாது, ஓடுவதுதான். குக்கர் விசில், மிக்ஸி, கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம், எதைக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தீபாவளி வந்தால் வீடே பயப்படும். ஃபாக்டரிகளில் போடுவார்களே, அந்த இயர்மஃப்பில் சிறுவர் அளவு வாங்கினோம். பெரியவர் அளவு தலையில் நிற்காது, இறுக்கினால் வலிக்கும். போன தீபாவளிக்கு மாடியில் நின்று தூரத்து வாணவேடிக்கை பார்த்தாள். நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள் என்று எங்கள் தெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னார். பழகிவிட்டால் சின்னச் சத்தமும் தாங்காதாம். மிக்ஸிக்கு மட்டும் வேறு வழி: சுவிட்சை அவளே போடுகிறாள். எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் அவளை அவ்வளவாகப் படுத்துவதில்லை.

கல்லூரி மாணவன்:
அண்ணன், அக்கா எல்லாரும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் அந்தப் பிள்ளைகளில் வளர்ந்தவன், ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத பிரச்சினை. கையில் ஏதாவது இருந்தால்தான் பாடம் காதில் ஏறும். 2017-இல் எங்கே பார்த்தாலும் விரலில் வைத்து ஸ்பின்னர் சுற்றினார்கள், ஞாபகம் இருக்கும். எனக்கு அது உதவவில்லை, ஏனென்றால் கண்ணும் அதிலேயே போய்விடும். பார்க்காமல், சத்தமில்லாமல் கை மட்டும் செய்யக்கூடியதுதான் வகுப்பில் சரிப்படும். பெஞ்சுக்கு அடியில் ஒட்டிய வெல்க்ரோ துண்டு, விரலில் உருட்டும் மோதிரம், நாற்காலிக் காலில் கட்டிய ரப்பர் பட்டை, இவை எனக்கு ஒத்துவந்தன. பதினாறு வயதில் சித்தி ஒருவர் வானவில் நிறத்தில் யானை வடிவ பாப்-இட் (குமிழ்களை அமுக்கி விளையாடும் பொம்மை) வாங்கி வந்தார். பாசம் புரிகிறது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு ப்ளஸ் ஒன் வகுப்புக்குப் போக முடியுமா? வயது ஏற ஏற, பார்க்கிறவர்களுக்குப் பொம்மை என்று தெரியாத பொருளாக வாங்கிக் கொடுங்கள்.

தையற்காரர் மகள்:
பிள்ளைகள் பேச்சுக்கு நடுவே அப்பாவைப் பற்றி எழுதலாமா? அவருக்கு மறதி நோய். மத்தியானம் ஆனால் வேட்டி நுனியைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். தடுத்தால் கோபம். பிரிட்டனில் முதியோர் இல்லங்களில் பட்டன், ரிப்பன், மணி எல்லாம் வைத்துப் பின்னிய கையுறை மாதிரி ஒன்று கொடுப்பார்களாம், அதைப் படித்துவிட்டு நானே ஒன்று தைத்தேன். மணியெல்லாம் வைக்கவில்லை. நாற்பது வருஷம் தைத்தவர், அதனால் கார்டுராய், சாட்டின், கதர்த் துண்டுகள், ஒரு ஜிப், இரட்டை நூலில் இறுக்கித் தைத்த பெரிய பட்டன்கள். ஜிப்பை ஏற்றி இறக்கிவிட்டு, "தையல் நேரா இல்லையே" என்று என்னையே குறை சொல்கிறார். வேட்டி பிழைத்தது.

நர்ஸ் அத்தை:
ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கலர் ஜெல் மணிகளை சென்சரி விளையாட்டு என்று விற்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள் போயும் பெருக்கும், அடைத்துக்கொள்ளும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவும் தெரியாது. 2023 கடைசியில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் அமெரிக்காவில் சிறுவர்களுக்கு அதை விற்பதை நிறுத்திவிட்டன. கைக்கு இதமாகத்தானே வேண்டும்? ஊறவைத்த ஜவ்வரிசியை வேகவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மதுரைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. கோவை மேடம், எடைப் போர்வை, அதாவது உள்ளே கனம் வைத்துத் தைத்த போர்வை, வாங்கலாமா? உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். டியூபை எப்படிக் கழுவுவது என்றும் சொல்லுங்கள்.

கோவை ஓ.டி.:
அந்தக் கணக்கு பெரியவர்களுக்குச் சொல்வது. கனடாவின் கியூபெக்கில் 2008-இல் பள்ளியில் எடைப் போர்வையில் சுற்றி வைக்கப்பட்ட ஒன்பது வயது ஆட்டிசச் சிறுவன் இறந்துபோனான். தானாக உதறித் தள்ள முடியாத பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், கைக்குழந்தைக்கு அறவே கூடாது. உங்கள் மகனை நேரில் பார்த்த மேடத்திடம் கேட்காமல் வாங்காதீர்கள். டியூபைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறல் விழுந்திருந்தால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள், துண்டு பிய்ந்தால் தொண்டைக்குள் போகும்.