வெளிநாட்டில் மளிகைச் செலவு: வீட்டுக் கணக்கோடு எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: விடுமுறைக்குப் போகிற இடத்தில் சமைத்துச் சாப்பிடத் திட்டம். அங்கே மளிகை நிஜமாகவே விலை அதிகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பில் தொகையை நம்ம பணத்துக்கு மாற்றிப் பார்த்தால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. பாக்கெட் அளவு நாட்டுக்கு நாடு மாறும். விலைச்சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிலோ, லிட்டர் விலை போட்டிருந்தால் அதைப் பாருங்க. பவுண்டு கணக்கென்றால் 2.2-ஆல் பெருக்கினால் கிலோ விலை (1 பவுண்டு 454 கிராம்). டின் சரக்குக்கு நீர் வடித்த எடைதான் கணக்கு.

பதில் 2: வரியையும் கவனிங்க. சில நாடுகளில் அலமாரி விலையில் வரி சேராது, பில் போடும்போதுதான் ஏறும். பாட்டில் டெபாசிட்டைத் தனியாகக் கழியுங்க. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் கிளம்பினால் அதுவும் செலவுதான். கார்டு மெஷின் எந்தப் பணத்தில் என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்க. நம்ம பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு வைக்கும், பெரும்பாலும் மோசமாக இருக்கும். ஒப்பிடும்போதும் ஸ்டேட்மென்டில் கழிந்த தொகையையே எடுங்க.

பதில் 3: எண்ணெய், உப்பு மாதிரி வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அங்கே புதுசா வாங்கணும். 1 லிட்டர் எண்ணெயில் 200 மில்லி செலவானால் மீதி 800 மில்லியை விட்டுட்டுத்தான் வரணும். அது விலைவாசி இல்லை, வீணானது. அதைத் தனியாக எழுதாமல் சேர்த்துப் போட்டால் ‘அங்கே எல்லாமே இரட்டை விலை’ன்னுதான் தோணும்.