காலையில் நாலு விநாடி கடகடப்பு: உங்கள் காடிக்கும் உண்டா?

சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு நான் சாவியைத் திருப்பினால், பக்கத்து வீட்டு அக்கா எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். என் காடி போடும் கடகடச் சத்தம் அப்படி. நாலைந்து விநாடியில் தானாக அடங்கிவிடும்.

அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். "நல்லா முறுக்கிச் சூடேத்துடா" என்பார். இரண்டு வருடம் பெடலை மிதித்து முறுக்கினேன். சத்தம் கூடியதுதான் மிச்சம்.

போன மாதம் பட்டறை அண்ணன் எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, என் கையில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்தார். நடுத்துளையைச் சுற்றியுள்ள சின்னத் துளை ஒன்றில் விட்டு அமுக்கச் சொன்னார். உள்ளே ஒரு ரப்பர் தட்டு, பிளாஸ்டிக் மாதிரி விறைத்துக் கிடந்தது. புதிய ஃபில்டரில் அதே இடம் மெத்தென்று அமுங்கித் திரும்பியது. இரவில் எண்ணெய் ஃபில்டரை விட்டுக் கீழே வடிந்துபோகாமல் தடுப்பது அந்தத் தட்டுதான். அது விறைத்துவிட்டால் காலையில் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும். அப்புறம்தான் பேரிங்குக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் எண்ணெய் போகும். அதுவரை நேற்று ஒட்டிய பிசுபிசுப்பை நம்பி இரும்பு இரும்போடு உரசுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் முறுக்கியிருக்கிறேன்! பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க மலிவு ஃபில்டர் வாங்கியதும் நானேதான்.

இன்னொன்று, பழைய காடிக்குக் கெட்டி எண்ணெய் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றி வந்தேன். கையேட்டில் இருப்பது 10டபிள்யூ-40. டபிள்யூ என்றால் குளிர்காலம், நமக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். உண்மைதான், 10டபிள்யூ எண்ணெயைச் சோதிப்பதே மைனஸ் 25 டிகிரியில். ஆனால் நம் ஊர் 25 டிகிரிக் காலையிலும், எண்ணெய் சூடான இன்ஜினில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. கெட்டி கூடினால் மேலே ஏறத் தாமதம். காடி எண்ணெய் குடித்தால், புகை விட்டால் அது வேறு கதை, பட்டறையில் கேளுங்கள்.

நல்ல ஃபில்டரும் கையேட்டில் உள்ள எண்ணெயும் போட்ட பிறகு, இப்போது சத்தம் ஒரு விநாடிகூட இல்லை.

மறுமொழி:
அண்ணே, காடிக்கு ஊற்றி மிஞ்சிய எண்ணெயை மட்டும் கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். பால்மரக் காட்டு மேட்டில் இன்ஜின் கத்துகிறது, மோட்டார் நகரவில்லை. கப்சாயில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் ஊறுகிறது. காடி எண்ணெயில் வழுக்கும் மருந்து கலந்திருந்தால் கிளட்ச் பிடிக்காது. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள், எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி அது. அது சரி, காலையில் கிளம்பும் முன் இன்ஜினை எவ்வளவு நேரம் சும்மா ஓட விடுகிறீர்கள்? என் மச்சான் பத்து நிமிடம் ஓட விடுகிறார்.

மறுமொழி:
பத்து நிமிடம் பெட்ரோலுக்குக் கேடு. டாஷ்போர்டில் எண்ணெய் விளக்கு அணைந்து அரை நிமிடம் போதும். பெடலைத் தொடுவதில்லை. கிளம்பி, பெரிய சாலை வரும்வரை மெதுவாகப் போகிறேன், ஓட ஓடத்தான் சூடேறும். அப்பாவிடமும் இதையெல்லாம் சொன்னேன். காது கேளாதவர் மாதிரி பசியாறப் போய்விட்டார்.